நாற்பது பங்கும் ஒரு ஹெரால்டும்



மதரஸாவில் ஃபராயிள் எனும் வாரிசுரிமைப் பாடத்தைப் பதினேழு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். மைய்யித்தின் பெயரைக் கரும்பலகையின் உச்சியில் எழுதி, கீழே வாரிசுகளை வரிசைப்படுத்தி, எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று என்று பின்னங்களைப் பிரித்துக் காட்டுவதில் எமக்குத் தேர்ச்சி உண்டு என்ற எண்ணம் உள்ளூர இருந்தது. அந்த எண்ணத்தை உடைத்தது செங்கல்பட்டில் எமது வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் கிடந்த ஒரு பழைய கார்.

அது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1970இல் பதிவான நான்கு கதவு வண்டி. எமது அத்தா அதை 1983இல் மூன்றாம் கையாக வாங்கினார்கள். திருக்கழுக்குன்றம் சாலை வழியாக மாமல்லபுரத்திற்கும், பெருநாள் கழிந்த மறுநாள் கோவளம் கடற்கரைக்கும் குடும்பத்தோடு அதில் சென்று வந்த நினைவு இன்றும் நீங்கவில்லை. 1998இல் என்ஜின் சூடேறி நின்றது. பிறகு பார்க்கலாம் என்று கொட்டகையில் தள்ளி நிறுத்தினார்கள். 2005இல் அத்தா வஃபாத்தாகிவிட்டார்கள். அதன் பின் அந்தக் காரில் கோழிகள் முட்டையிட்டன. கிழிந்த பாய்களும் பழைய பாத்திரங்களும் அதன் பின்னிருக்கையில் அடைக்கலம் புகுந்தன.

வாசகர்களில் இளையோர் இந்த வண்டியைப் பார்த்திருக்கமாட்டார்கள். எனவே அதன் பூர்வீகத்தைச் சிறிது சொல்ல வேண்டும். சென்னையில் 1948இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் தொழிற்சாலை நடத்தியது. இன்றைய எல்லைப்படி அவ்விடம் எமது செங்கல்பட்டு மாவட்டத்திற்குள்ளேயே இருக்கிறது. மறைமலைநகரிலும் ஒரகடத்திலும் பெரும் தொழிற்சாலைகள் எழுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே இப்பகுதியில் கார் செய்தார்கள். ஹெரால்டு, இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோத்தி. இங்கிலாந்தில் அது இரண்டு கதவு வண்டி. நம் நாட்டுக் குடும்பங்களுக்கு அது போதாது என்று நான்கு கதவு வைத்தவர்கள் பெருங்களத்தூர்க்காரர்கள்.

அதன் கட்டுமானம் பழுது பார்ப்பவனுக்குப் பெரும் வசதி. சேஸிஸ் தனி, மேலே உள்ள உடல் தனி. உடலின் பகுதிகள் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. பானட்டைத் திறந்தால் இருபுற மட்கார்டுகளோடு முழு முகப்பும் முன்னோக்கிச் சாயும். முன்சக்கரத்தின் மேல் அமர்ந்துகொண்டே என்ஜினில் வேலை செய்யலாம். அத்தா அவ்வாறு அமர்ந்து பிளக்குகளைத் துடைப்பதைப் பார்த்து வளர்ந்தோம்.

எமது அக்காவின் மகன் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவர், வயது இருபத்தாறு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்திற்கு அருகில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் பணிபுரிகிறார். பழைய கார்களுக்கு உயிர் கொடுப்பதும், அவற்றில் புது என்ஜின் ஏற்றுவதும் அங்கு வாடிக்கை. ஒரு நாள் வந்து, “மாமா, நன்னா வண்டியை எனக்குத் தருவீங்களா? சும்மா மக்கிப் போகுதே” என்று கேட்டார். அந்தக் கொட்டகையைக் காலி செய்யும் ஆசை எமக்கும் இருந்தது. “எடுத்துக்கொள் தம்பி, உனக்கில்லாததா” என்று அக்கணமே சொல்லிவிட்டோம்.

மருமகனின் திட்டம் பெரியது. ஹெரால்டின் சொந்த என்ஜின் 948 சிசி. புதிதாக இருந்தபோதே அதன் ஆற்றல் 35 குதிரைத் திறனை ஒட்டியதுதான். அதை இறக்கிவிட்டு மாருதி எஸ்டீமின் 1.3 லிட்டர் என்ஜினை ஏற்ற வேண்டும் என்றார். அது 1298 சிசி. பிந்தைய ரகத்தில் 85 குதிரைத் திறன். கூடவே ஐந்து கியர், ஏசி, அகலமான டயர். கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்களைக் காட்டினார். அம்பாசடர், பத்மினி, ஜீப் என்று எத்தனையோ பழைய வண்டிகள் புது நெஞ்சோடு ஓடிக்கொண்டிருந்தன. அவர் சொன்ன காரணங்களில் நியாயமும் இருந்தது. பழைய என்ஜினுக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது. இன்றைய சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திணறும் வண்டி பின்னால் வருபவருக்கும் இடைஞ்சல். நின்று மக்குவதைவிட மாறி ஓடுவது மேலல்லவா?

என்ஜின் மாற்றுவது ஆர்வலர்களின் விளையாட்டு மட்டுமன்று. தொழிற்சாலைகளே அதைச் செய்திருக்கின்றன. 1980களில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸா காரைக் கொண்டுவந்தபோது, அந்தப் பெரிய உடலுக்குள் அம்பாசடரின் பழைய 1.5 லிட்டர் என்ஜினை வைத்தார்கள், வண்டி திணறியது. பின்னர் ஜப்பானின் இசுஸூ 1.8 லிட்டர் என்ஜினை ஏற்றியதும் அதே காருக்கு மதிப்பு வந்தது. 1992 முதல் அம்பாசடரிலும் அதே வகை என்ஜின் வந்தது. இதற்கு நேர் எதிரான கதை எமது பெருங்களத்தூரில் நடந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1, 1977இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த காராகத் தேர்வு பெற்றது. 3.5 லிட்டர் வி8 என்ஜினுக்காக வடிவமைக்கப்பட்ட உடல் அது. 1985இல் அவ்வுடலை ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில் இங்கு வெளியிட்டபோது, உள்ளே வைத்தது 1940களின் வான்கார்டு வழிவந்த 1991 சிசி என்ஜின். பார்க்க அரசனைப் போல் இருந்த வண்டி மேட்டில் மூச்சு வாங்கியது. பெட்ரோலையும் மிகுதியாகக் குடித்தது. 1988இல் அதன் உற்பத்தி நின்றது.

இவ்விரண்டு கதைகளையும் மருமகனே எமக்குச் சொன்னார். கேட்டபோது தாவூத் (அலை) அவர்களின் நினைவு வந்தது. அல்லாஹ் அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்து, போர்க்கவசம் செய்யப் பணித்ததையும், வளையங்களை ஒன்றோடொன்று பொருந்துமாறு அளவாக இணைக்கச் சொன்னதையும் ஸபா அத்தியாயம் எடுத்துரைக்கிறது. ஒரு நபிக்கு இட்ட கட்டளையில் இரும்பு வேலையின் அளவுப் பொருத்தமும் இடம்பெற்றிருக்கிறது என்று பாடத்தில் பலமுறை சொல்லியிருக்கிறோம். அது எத்தகைய நுட்பம் என்பது அன்றுதான் விளங்கியது.

“அப்படியானால் உன் 85 குதிரைக்கு இந்த உடல் பொருந்துமா?” என்று கேட்டோம். மருமகன் நேர்மையாகப் பதில் சொன்னார். ஹெரால்டில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு. குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வேகமாக வளைவில் திரும்பும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுத்தால், வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடிந்து பிடியை இழந்துவிடும். ஆகவே என்ஜினை மாற்றினால் பிரேக், ஏக்ஸில், ரேடியேட்டர், மவுண்டிங், புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். “முடிவில் நன்னா வண்டியில் எது மிஞ்சும்?” என்றோம். அவர் சிரித்து, “தகடும் நம்பர் பிளேட்டும்” என்றார்.

சட்டமும் குறுக்கே நின்றது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவில், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பழுதான என்ஜினுக்குப் பதிலாக அதே ரக என்ஜினை வைக்கலாம். அதற்கும் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். மேலும் 2021இல் வந்த மத்திய அரசின் விதிகள், 50 ஆண்டைக் கடந்து, சேஸிஸ், உடல், என்ஜின் ஆகியவை பெரிதும் மாற்றப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனம் என்று தனியே பதிவு செய்ய இடமளிக்கின்றன. கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும்தான் அவற்றை ஓட்டலாம் என்ற கட்டுப்பாடு உண்டு. என்ஜினை மாற்றிய அன்றே அந்த வாசல் அடைபட்டுவிடும்.

இவ்வளவும் பேசினோம். ஆனால் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நாம் கேட்கவில்லை. அதைக் கேட்டது ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன்.

அடுத்த வாரம் ஃபராயிள் வகுப்பில் அவன் எழுந்து, “ஹஜ்ரத், மவுத்தானவர் ஒரு ஓட்டை சைக்கிளை மட்டும் விட்டுப் போனாலும் பங்கு வைக்கணுமா?” என்றான். “ஊசியானாலும் வைக்க வேண்டும். அந்நிஸா அத்தியாயத்தின் ஏழாம் வசனம் குறைந்த சொத்துக்கும் நிறைந்த சொத்துக்கும் ஒரே சட்டத்தைத்தான் விதிக்கிறது” என்று வழக்கமான குரலில் விடையளித்தோம். சொல்லி முடித்த கையோடு சுண்ணக்கட்டி கையிலேயே நின்றுவிட்டது. கொட்டகையில் கிடந்த ஹெரால்டு கண்முன் வந்தது.

அத்தாவின் வீட்டைப் பங்கு வைத்தோம். கடையைப் பங்கு வைத்தோம். அம்மாவின் பங்கை முதலில் ஒதுக்கினோம். காரை மட்டும் எவரும் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய இரும்பு என்று எண்ணிவிட்டோம். 19 ஆண்டுகள் அது வாரிசுகள் அனைவருக்கும் உரிய பொதுப்பொருளாக எமது கொல்லையில் கிடந்திருக்கிறது. அதைத்தான் “எடுத்துக்கொள்” என்று ஒற்றைச் சொல்லில் வாரி வழங்கினோம். எமக்கு முழு உரிமை இல்லாத பொருளைக் கொடுத்துப் பெருந்தன்மை காட்டிய வெட்கம் அன்றிரவு தூங்கவிடவில்லை.

மறுநாளே அக்காவையும் மருமகனையும் அழைத்தோம். குவைத்தில் உள்ள தம்பியைத் தொலைபேசியில் இணைத்தோம். அம்மா கட்டிலில் அமர்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் தம்பி சிரித்தார்: “அந்த டப்பாவுக்கா காக்கா பஞ்சாயத்து? என் பங்கை விட்டுட்டேன்.” அக்காவும், “என் மவனுக்குத்தானே போகுது” என்றார். பேச்சு அத்துடன் முடிந்திருக்கும். அம்மாதான் மெதுவாகக் கேட்டார்கள்: “எனக்கு அதுல பங்கு இருக்காப்பா?”

“இருக்கிறது அம்மா. எட்டில் ஒன்று.”

“அதை இத்தனை வருஷமா யாரும் எனக்குச் சொல்லலையே.”

குறை சொல்லும் குரலே அதில் இல்லை. அதனால்தான் எம்மால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை. ஊராருக்கெல்லாம் பங்கு பிரித்துக் கொடுக்கும் மகன், தாயின் பங்கை 19 ஆண்டுகள் கோழிக்கு விட்டிருந்தான் என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

பங்கை விட்டுக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் பங்கு எவ்வளவு என்று அறிந்த பின் விடுவதே விட்டுக்கொடுத்தல். ஆகவே முறைப்படி செய்தோம். பழைய கார் வாங்கி விற்கும், எம் குடும்பத்தோடு தொடர்பில்லாத ஒருவரை அழைத்து, கொட்டகையில் கிடக்கும் நிலையிலேயே விலை மதிக்கச் சொன்னோம். பழுது நீங்கிய பின் அது பல லட்சம் பெறலாம். ஆனால் அந்த ஏற்றம் மருமகனின் உழைப்பால் வருவது, அதில் மற்றவர் பங்கு கேட்பது முறையன்று. அவர் 60,000 ரூபாய் என்றார்.

ஒரு மனைவி, இரு ஆண் மக்கள், ஒரு பெண். எனவே நாற்பது பங்கு. அம்மாவுக்கு எட்டில் ஒன்றாக 5 பங்கு, 7,500 ரூபாய். எஞ்சிய 35 பங்கில் ஆண் மக்கள் இருவருக்கும் ஆளுக்கு 14, அதாவது 21,000 ரூபாய். அக்காவுக்கு 7 பங்கு, 10,500 ரூபாய். தம்பி தம் பங்கை அறிந்தே மருமகனுக்கு அன்பளிப்பாக்கினார். அக்காவும் அவ்வாறே செய்தார். எமது 21,000 ரூபாயை விடுவதற்கு நாம் சற்றுத் தயங்கினோம் என்பதையும் இங்கு மறைக்கவில்லை. உரிமையில்லாதபோது முழுக் காரையும் கொடுக்க ஒரு நொடி போதுமாக இருந்தது; சொந்தப் பங்கு என்று தெரிந்த பின் அதைக் கொடுக்க இரண்டு நாள் ஆயிற்று. பாதியை விட்டோம், பாதியைத் தவணையில் வாங்கிக்கொண்டோம். அம்மாவின் 7,500 ரூபாயை மருமகன் முழுமையாக, ரொக்கமாகக் கொடுத்தார். அம்மா இரண்டு முறை எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டார்கள்.

அடுத்து வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ், உரிமையாளர் இறந்தால் பெயர் மாற்றத்திற்குரிய 31ஆம் எண் படிவம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். உரிய காலத்தில் செய்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும் வேலை, தாமதத்தால் ஏழு முறை அலையவைத்தது. இதில் குற்றம் எம்முடையதே.

இப்போது கார் மருமகனுடையது. எந்த என்ஜினை வைப்பது என்று சொல்லும் உரிமை எமக்கு இல்லை. வண்டி கையைவிட்டுப் போன பிறகுதான், அத்தாவின் என்ஜின் ஒலியை மீண்டும் கேட்க எவ்வளவு ஆசை கொண்டிருந்தோம் என்பதும் தெரிந்தது. இரண்டை மட்டும் சொன்னோம்: சட்டத்தை மீறாதே, வட்டிக்குக் கடன் வாங்கி இதைச் செய்யாதே. அவர் எஸ்டீம் என்ஜினுக்கு முன்பணமாக 5,000 ரூபாய் கொடுத்திருந்தார். விற்பவரிடம் அந்த என்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான தாள் கேட்டபோது அப்படி ஒன்று இல்லை. முன்பணம் போனது, மருமகன் திரும்பி வந்தார். பழைய என்ஜினைப் பிரித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தார்.

வேலை பதினான்கு மாதம் நீடித்தது. ஷெட் முதலாளி ஒரு மூலையை ஒதுக்கித் தந்தார். சனிக்கிழமை மாலையும் ஞாயிறும் வேலை. உடலைப் போல்ட் கழற்றி இறக்கினார்கள். ஒவ்வொரு பகுதியின் போல்ட்டும் தனித்தனி ஹார்லிக்ஸ் பாட்டிலில், மேலே பெயர்ச் சீட்டோடு. சேஸிஸின் பக்கவாட்டு நீட்டங்கள் துருவில் சல்லடையாகியிருந்தன. அவற்றை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். கடலோரத்தில் இன்னொரு தொல்லை: துருவைச் சுரண்டி வெள்ளையாக்கிய இரும்பு, உப்புக்காற்றில் ஒரே இரவில் செந்நிறம் கொள்ளும். எனவே ஒரு நாளில் பிரைமர் அடிக்க முடிந்த அளவை மட்டுமே அன்று தேய்ப்பார்கள். சிலிண்டர்கள் தேய்ந்திருந்தன, சென்னையில் லேத் பட்டறையில் போரிங் செய்து புது ஸ்லீவ் இறக்கினார்கள். கிராங்க் ஷாஃப்டைச் சாணை பிடித்து, அதற்கேற்ற பேரிங் தேடினார்கள். கேஸ்கெட் ஒன்றுக்காக மூன்று மாதம் காத்திருந்தார்கள்.

அங்கு நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. வேலை மும்முரத்தில் மருமகன் அஸரைப் பிந்திவிடுகிறார் என்று அக்கா முறையிட்டார். கண்டிப்பதற்காகவே ஒரு சனிக்கிழமை கோவளம் சென்றோம். அன்று வால்வுகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். “மாமா, லைட்டைக் கொஞ்சம் பிடிங்க” என்றார். பிடித்தோம். ஒவ்வொரு வால்வும் தன் இருக்கையில் படிகிறதா என்று நீலச் சாயம் தடவிப் பார்ப்பார்களாம். சாயம் வட்டமாக முழுமையாகப் பதிய வேண்டும். முதல் வால்வில் பதியவில்லை, இரண்டாவதிலும் இல்லை. குனிந்தபடியே நின்றோம். திடீரென மருமகன், “மாமா, மஃரிபுக்கு இருபது நிமிஷந்தான் இருக்கு. அஸர் தொழுதாச்சா?” என்றார். அவர் வக்துக்கே தொழுதிருந்தார். தொழாமல் நின்றது கண்டிக்கச் சென்ற நாமே.

ஓடிப்போய் உளூச் செய்தோம். ஸாத் அத்தியாயத்தில் வரும் ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகள் அப்போது நினைவுக்கு வந்தன. மாலையில் உயர்ரகக் குதிரைகள் காட்டப்பட்டதும், அந்த ஈடுபாட்டில் பொழுது மறைந்ததும் அங்கு கூறப்படுகிறது. பின்னர் அவற்றைத் திரும்பக் கொண்டுவரச் செய்து என்ன செய்தார்கள் என்பதில் விரிவுரையாளர்கள் இரு கருத்தினர்: அறுத்தார்கள் என்போர் ஒரு சாரார், அன்போடு கழுத்தையும் கால்களையும் தடவிக்கொடுத்தார்கள் என்போர் மறு சாரார். குதிரையின் அழகைக் குறை சொன்னவர் எவருமில்லை. நஹ்ல் அத்தியாயம் வாகனப் பிராணிகளைப் பற்றிப் பேசும்போது, ஏறிச் செல்வதற்கும் அலங்காரமாகவும் படைக்கப்பட்டவை என்று அழகையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே பழைய காரில் ஆர்வம் கொண்ட பிள்ளையைப் பார்த்து, இது வீண், இது ஹராம் என்று எடுத்த எடுப்பில் சொல்லும் பழக்கத்தை அன்றோடு விட்டோம். யாருடைய பணம், யாருடைய பொருள், யாருடைய வக்து என்று கேட்டால் போதும். அந்தக் கேள்விகளை எம்மிடமே முதலில் கேட்க வேண்டியிருந்தது.

சென்ற ஷவ்வாலில் வண்டி ஓடியது. அத்தா வைத்திருந்த அதே வெளிர்நீலம். எடுத்தவுடன் ஓட்டிவிடவில்லை, தகுதிச் சான்றும் பதிவுப் புதுப்பிப்பும் காப்பீடும் வந்த பின்பே சாலைக்கு வந்தது. பழம்பெரும் வாகனப் பதிவை மருமகன் கேட்கவில்லை; நன்னியைக் கூட்டிக்கொண்டு போகவே இத்தனை பாடு, கண்காட்சியில் நிறுத்துவதற்கன்று என்றார்.

முதல் பயணத்தில் அம்மா பின்னிருக்கையில் அமர்ந்தார்கள். ஏறும்போது ஓதும் துஆவை எல்லோரும் சேர்ந்து ஓதினோம். இந்த வாகனத்தை வசப்படுத்தும் ஆற்றல் எமக்கு இருந்ததில்லை என்று அதில் வரும் பொருளை, பதினான்கு மாதம் போராடிய மருமகன் சற்று அழுத்தியே ஓதினார். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 45, 50 வேகத்திற்கு மேல் அவர் போகவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டதும், சைலன்சரை மாற்றிய ஒரு கார் இடிமுழக்கத்தோடு எங்களைக் கடந்தது. மருமகனின் கண் அதன் பின்னால் சிறிது தூரம் போனது. சாலைக்கும் உரிமை உண்டு, அதைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை எடுத்துச் சொல்ல வாயெடுத்தோம். அவர் பிரேக்கைத் தொட்டு வண்டியை இன்னும் ஓரமாக ஒதுக்குவதைக் கண்டு பேசாதிருந்தோம்.

கடற்கரையில் இறங்கியதும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். அதே 7,500 ரூபாய். மருமகன் கையில் வைத்து, “பெட்ரோலுக்கு வச்சுக்க. இப்ப நான் குடுக்குறேன்” என்றார்கள். அவர் வாங்க மறுத்துப் பார்த்தார், நடக்கவில்லை.

வாசகர்களே, நம் வீடுகளில் மர்ஹூமானவர்களின் தையல் இயந்திரம், கைக்கடிகாரம், பழைய ஸ்கூட்டர், ஊரில் கிடக்கும் அரை சென்ட் நிலம் என்று பங்கு வைக்கப்படாத பொருள் ஏதேனும் இருக்கக்கூடும். அவற்றைப் புதுப்பிக்க ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கக்கூடும். ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து வாரிசுகளின் பெயரை எழுதுங்கள். உயிரோடு இருக்கும் தாயின் பெயரை முதலில் எழுதுங்கள்.

பிறர் ஹக்கைத் தெரிந்தும் தெரியாமலும் வைத்திருக்கும் நிலையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. எமது அத்தாவின் மண்ணறையை விசாலமாக்குவானாக. ஆமீன்.